பச்சை மேசையின் வீடுகள்: வாசகர் கேள்விகளும் டீச்சரின் பதில்களும்

சென்ற இதழில், புரட்டாசியில் நாங்கள் குடும்பத்தோடு அமெரிக்காவின் தென்மேற்கில் காரில் சுற்றிய கதையை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஆல்புகெர்க்கியில் வேலை பார்க்கும் என் மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேரன், என் வீட்டுக்காரர், நான், ஆக ஐந்து பேர். மேசா வெர்டே என்ற இடத்தில், பாறைக் குடைவுகளுக்குள் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணின் பழங்குடிகளான பியூப்லோ மக்கள் கட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். தமிழ் வகுப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், டர்பனிலிருந்து அத்தனை தூரம் பறந்து போய் இடிந்த வீடுகளையா பார்ப்பார்கள்? அப்படி அங்கே என்னதான் இருக்கிறது?
ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: என் மகளும் இதையேதான் கேட்டாள். கிராண்ட் கேன்யன் போகலாம் அம்மா, எல்லோரும் அங்கேதானே போகிறார்கள் என்றாள். நான் பிடிவாதம் பிடித்தேன். பல வருடங்களுக்கு முன், நான் பாடம் நடத்திய பள்ளி நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் பார்த்த படம் அது. மலைக்கு வாய் இருப்பது போல ஒரு குடைவு, அந்த வாய்க்குள் ஒரு முழு ஊர். படத்தை வெட்டி எடுக்க மனம் வரவில்லை, அப்படியே வைத்துவிட்டேன். ஆனால் மறக்கவில்லை.

ஆல்புகெர்க்கியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, 550-ஆம் எண் சாலையில் வடமேற்காகப் போனோம். ஃபார்மிங்டன் தாண்டி, கொலராடோ மாநிலத்துக்குள் நுழைந்து, கார்ட்டெஸ் என்ற சின்ன ஊரில் அறை எடுத்தோம். நடுவில் நின்று நின்று போனதில் ஆறு மணி நேரம் ஆனது. கார்ட்டெஸுக்குப் பக்கத்தில்தான் மேசா வெர்டே தேசியப் பூங்கா. ஸ்பானிய மொழியில் பச்சை மேசை என்று பொருள். மேலே தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் இருக்கும் மலையை அவர்கள் மேசை என்கிறார்கள். நம் வீட்டில் புழங்கும் மேசை என்ற சொல்லும் போர்த்துகீசியர் வழியாக வந்த அதே சொல்தான். இதைக் காரில் சொன்னதும் பேரனுக்கு ஒரே குஷி. வழியில் தெரிந்த தட்டை மலையெல்லாம் யார் வீட்டுச் சாப்பாட்டு மேசை என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

பூங்கா வாசலிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை. மேலே போனால் முதலில் ஒன்றுமே தெரியாது. குட்டையான ஜூனிபர் மரங்கள், பின்யோன் பைன் மரங்கள், சிவந்த மண், அவ்வளவுதான். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடந்தால் தரை சட்டென்று முடிந்துவிடுகிறது. எதிரே பள்ளத்தாக்கு. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், காலுக்குக் கீழே இருக்கும் பாறையின் வயிற்றுக்குள் அந்த ஊர். கிளிஃப் பேலஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுமார் 150 அறைகள், கிவா என்னும் வட்ட நிலவறைகள் 23, ஒரு வட்டக் கோபுரம், ஒரு சதுரக் கோபுரம். கல்லும் மலையும் ஒரே நிறம், பழுத்த சந்தன நிறம். மாலை வெயில் உள்ளே விழும்போது ஒவ்வொரு சன்னலும் தனித்தனியாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அவரே, "அடுப்பு புகையாததுதான் குறை" என்றார்.

அங்கே நூறு பேர் போல வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள். இப்படிக் குடைவுக்குள் கட்டிய வீடுகள் அந்தப் பூங்காவில் மட்டும் சுமார் 600 உண்டு. எல்லாம் இவ்வளவு பெரிதல்ல. பெரும்பாலானவை ஓர் அறையிலிருந்து ஐந்து அறை வரைதான், ஒரு குடும்பம் இருக்கும் அளவு. எனக்கு அந்தச் சின்ன வீடுகள்தான் அதிகம் பிடித்தன. எதிர்ப் பாறையில் உயரத்தில், குருவிக் கூடு மாதிரி ஒன்று தெரியும். யாரோ ஒருத்தி அங்கே தினமும் தண்ணீர்ப் பானையோடு ஏறி இறங்கியிருக்கிறாள். படி கிடையாது. கையும் கால் விரலும் வைக்கப் பாறையில் கொத்திய குழிகள்தான்.

1888 டிசம்பர் 18 அன்று, தொலைந்த மாடுகளைத் தேடிப் போன ரிச்சர்ட் வெதரில், சார்லி மேசன் என்ற இரண்டு பண்ணைக்காரர்கள் பனிக்கு நடுவே இந்த ஊரைப் பார்த்தார்கள். கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவார்கள். அந்த நிலத்தில் இருந்த யூட் மக்களுக்கு அது முன்பே தெரியும். ஆகவே, பார்த்தார்கள் என்றே நான் எழுதுகிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது, மூட்டு வலி. அடுத்த வருடம் தம்பி வீட்டுக்கு டென்வர் போகிறோம். அம்மாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போக முடியுமா?
ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் எதற்குச் சீட்டு வாங்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பெரிய வீடுகளுக்குள் நாமாக இறங்க முடியாது. பூங்காக் காவலர் கூட்டிப் போவார், அதற்குத் தனிச் சீட்டு. நாங்கள் போனபோது ஆளுக்கு 8 டாலர். 14 நாளைக்கு முன்னால்தான் இணையத்தில் விற்பனை திறப்பார்கள், அவர்கள் நேரப்படி காலை 8 மணிக்கு. கோடையில் அது நமக்கு மாலை 4 மணி. வேகமாகத் தீர்ந்துவிடும், தேதி முடிவானதும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கிளிஃப் பேலஸுக்குள் போக மேடு பள்ளமான கற்படிகளில் இறங்கி, திரும்பும்போது ஏணிகளில் ஏற வேண்டும். நானும் 66 வயதில் ஏறினேன், நடுவில் மூச்சு வாங்கி நின்றேன். பால்கனி ஹவுஸ் என்று இன்னொன்று. அதில் சுமார் 10 மீட்டர் உயர மர ஏணி, பிறகு 45 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு பொந்துக்குள் முட்டி போட்டுத் தவழ வேண்டும். அது அம்மாவுக்கு வேண்டாம். என் மகளும் மருமகனும் பேரனும் மட்டும் போனார்கள். பேரன் எங்களிடம் வந்து, பொந்துக்குள் தான்தான் எல்லோரையும் விட வேகம் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் முழங்கால் காரணமாக எதிலும் இறங்கவில்லை. அவருக்கும் நிறைவான நாளாகத்தான் இருந்தது. மேசா டாப் லூப் என்ற 10 கிலோமீட்டர் சாலையில் வண்டியிலேயே போய், நிறுத்தங்களில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். சன் பாயிண்ட் என்ற இடத்தில் நின்றால் பள்ளத்தாக்கின் பாறைகளில் பல வீடுகள் ஒன்றாகத் தெரியும். நல்ல பைனாகுலர் ஒன்று கொண்டு போங்கள். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலிருந்து ஸ்ப்ரூஸ் ட்ரீ ஹவுஸ் தெளிவாகத் தெரியும், 130 அறை கொண்டது. பாறை உதிரும் ஆபத்தால் 2015 முதல் உள்ளே விடுவதில்லை. அதனால் அந்த இடத்தில் அம்மாவும் நீங்களும் பார்ப்பது ஒன்றேதான்.

மூட்டை விட உயரத்தைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். அந்த மேடு 2,100 முதல் 2,600 மீட்டர் உயரம். நம் டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் போனாலே சிலருக்குத் தலை கனக்கும், இது அதைவிட மேலே. முதல் நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர், மாத்திரைகள் கையில். டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அந்தப் பாறை இடுக்கில் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்தார்கள்? மேலே சமவெளி இருக்கும்போது ஏன் அங்கே போய்க் கட்ட வேண்டும்?
ஒரு வாசகர், லெனேசியா

பதில்: நான் காவலரிடம் முதலில் கேட்டதும் இதுதான். அவர் எங்களைக் குடைவின் பின்சுவர் பக்கம் காட்டினார். பாறை ஈரமாக இருந்தது. மேலே இருப்பது மணற்கல், தண்ணீரை உறிஞ்சும். மழையும் பனியும் அதற்குள் மெதுவாக இறங்கும். அதற்கு அடியில் களிப்பாறைப் படலம், அது தண்ணீரை விடாது. இரண்டும் சேரும் இடத்தில் நீர் பக்கவாட்டில் கசிந்து வெளியே வரும். அந்தக் கசிவுதான் காலகாலமாகப் பாறையை அரித்து, குளிரில் உறைந்து பிளந்து, குடைவையே உண்டாக்கியது. பிறகு அங்கே குடியேறியவர்களுக்குக் குடிநீரும் அதுவே ஆனது. வீட்டைக் கட்டிக் கொடுத்து, கிணற்றையும் வெட்டிக் கொடுத்த மாதிரி.

வயல் மேலே. அவர்கள் கி.பி. 550 வாக்கிலேயே அந்த மேட்டில் குடியேறிவிட்டார்கள். முதலில் மண்ணில் பள்ளம் தோண்டி அதன்மேல் கூரை போட்ட வீடுகள், பிறகு தரைக்கு மேலே கல் வீடுகள். ஆறு நூற்றாண்டுக்கு மேல் அப்படித்தான். குடைவுக்குள் இறங்கியது 1190 வாக்கில். அந்தப் பெரிய வீடுகளில் அவர்கள் இருந்தது நூறு ஆண்டுக்கும் குறைவு. பாதுகாப்புக்காக என்கிறார்கள் சிலர், நீருக்காக, குளிருக்காக என்கிறார்கள் சிலர். எல்லாமே சேர்ந்துதான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. பெரிய குடைவுகள் பல தெற்கும் தென்மேற்கும் பார்த்தவை. அங்கே சூரியன் தெற்கு வானில் போகும், நம் ஊரில் வடக்கே போவதற்கு நேர் எதிர். குளிர்காலத்துத் தாழ்ந்த வெயில் வீட்டுக்குள் வரை வரும். கோடையில் உச்சி வெயிலைப் பாறைக் கூரை தடுத்துவிடும். நம் தாத்தாக்கள் தாழ்வாரம் இறக்கிக் கட்டியதும் இந்தக் கணக்கில்தான்.

பயிர் என்று பார்த்தால் சோளம், பீன்ஸ், பூசணி. நம் ஊரில் மீலி என்கிறோமே, அந்த மக்காச்சோளம்தான். மூன்றையும் சேர்த்தே விதைப்பார்கள். சோளத் தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும், பீன்ஸ் வேர் மண்ணுக்கு உரம் தரும், பூசணி இலை தரையை மூடி ஈரம் காக்கும். அருங்காட்சியகத்தில் அந்த மூன்றையும் பார்த்ததும் எனக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜுலு அம்மா சாம்ப் என்னும் உடைத்த மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேக வைப்பார். நாம் மக்காச்சோள மாவில் கிண்டிய புத்துவுக்கு சுகர் பீன்ஸ் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறோம், புரட்டாசியில் பூசணிக்காய் வதக்குகிறோம். அந்த மூன்று பயிரும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு வந்தவை. நம் தட்டில் இருப்பதை முதலில் பயிரிட்டுப் பக்குவம் கண்டவர்கள் அந்தக் கண்டத்து உழவர்கள்.

சோளத்தை அரைக்க அவர்கள் வைத்திருந்த கல்லைப் பாருங்கள், நம் அம்மிதான், கொஞ்சம் குழிந்திருக்கும். கையில் பிடிக்கும் குழவியும் அப்படியே. மணற்கல்லில் அரைத்ததால் மாவோடு மணலும் சேர்ந்து, பெரியவர்களுக்குப் பற்கள் தேய்ந்து போயிருந்தன என்று எலும்புகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வான்கோழி வளர்த்தார்கள். அதன் இறகை யக்கா நாரில் சுற்றிப் போர்வை செய்தார்கள். அந்த யக்காச் செடியிலிருந்தே செருப்பு, கயிறு, அதன் வேரிலிருந்து சோப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல் இடுக்குகளில் பூசிய மண் சாந்தில் கட்டியவர்களின் விரல் தடங்கள் இன்னும் இருக்கின்றன. என் பேரன் தன் விரலைத் தொடாமல் கிட்டே பிடித்துப் பார்த்தான். அந்த விரல் அவன் விரலை விடப் பெரிதில்லை.

கேள்வி: டீச்சர், கிவா என்றால் என்ன? அது கோயிலா?
ஏழாம் வகுப்பு மாணவி, டோங்காட்

பதில்: நல்ல கேள்வி, கண்ணு. கிவா என்பது பியூப்லோ மக்களில் ஒரு பிரிவினரான ஹோப்பிகளின் மொழிச் சொல். தரைக்கு அடியில் வட்டமாகக் கட்டிய அறை. அதன் கூரைதான் மேலே முற்றம், பிள்ளைகள் அதன்மேல் விளையாடியிருப்பார்கள். கூரையின் நடுவில் ஒரு சதுர வாசல், அதில் ஏணி வைத்துக் கீழே இறங்க வேண்டும். உள்ளே கூரையைத் தாங்க ஆறு கல் தூண்கள், நடுவில் அடுப்பு, சுவரில் காற்று வரும் குழாய். காற்று நேராக நெருப்பில் அடிக்காமல் இருக்க நடுவே ஒரு சின்னத் தடுப்புச் சுவர். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பார்.

தரையில் கை நுழையும் அளவு ஒரு குழி இருக்கும், சிபாப்பு என்று பெயர். மனிதர்கள் கீழே இருந்த ஓர் உலகத்திலிருந்து இந்த உலகத்துக்கு ஏறி வந்தார்கள் என்பது பியூப்லோ மக்களின் நம்பிக்கை. அந்த வழியின் அடையாளம் அது. அங்கே வழிபாடு நடந்தது, நெசவும் நடந்தது, குளிர்காலத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து கதையும் சொல்லியிருப்பார்கள். ஆகவே கோயில் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். இன்றும் பியூப்லோ ஊர்களில் கிவாக்கள் இருக்கின்றன. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது.

கேள்வி: அந்த மக்கள் ஒரே இரவில் மாயமாக மறைந்துவிட்டார்கள், இன்றுவரை மர்மம் என்று படித்தேன். அனசாசி என்பவர்கள் இவர்கள்தானே? எங்கே போனார்கள்?
ஒரு வாசகர், மெரிபேங்க். இதே கேள்வியை இன்னும் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பதில்: இதற்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்த மாதம் முழுப் பகுதியையும் எடுத்துக்கொண்டேன்.

மறையவில்லை, ஐயா. நடந்து போனார்கள். தெற்கேயும் தென்கிழக்கேயும், ரியோ கிராண்டே ஆற்றங்கரைக்கும் இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிக்கும் போய்ப் புதிய ஊர் கட்டினார்கள். ஹோப்பி, சூனி, அகோமா, லகூனா, டாவோஸ் என்று அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் தங்கள் ஊர்களில் தங்கள் மொழி பேசி வாழ்கிறார்கள். நியூ மெக்சிகோவில் மட்டும் 19 பியூப்லோ ஊர்கள் உண்டு. அனசாசி என்பது நவஹோ என்ற வேறொரு பழங்குடியின் மொழிச் சொல், பகைவரின் முன்னோர் என்கிற மாதிரிப் பொருள். அடுத்தவர் வைத்த பெயரை, அதுவும் பகைவர் என்று சொல்லும் பெயரை, யார் விரும்புவார்கள்? மூதாதைப் பியூப்லோ மக்கள் என்றே இப்போது சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

ஏன் போனார்கள் என்பதற்கு மரங்கள் சாட்சி சொல்கின்றன. வீட்டுக் கூரையில் வைத்த மரத்தின் வளையங்களை எண்ணி, மழை பெய்த ஆண்டு எது, பொய்த்த ஆண்டு எது என்று கணக்கிடலாம். ஏ.இ. டக்ளஸ் என்ற வானியலாளர் 1929-இல் அந்தக் கணக்கைப் பழைய வீடுகள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அதன்படி 1276 முதல் 1299 வரை கடும் வறட்சி. நம் கணக்கில் சொன்னால், சோழர் ஆட்சி முடிந்த 1279 அந்த வறட்சிக்குள் வருகிறது. வறட்சி மட்டுமே காரணம் என்று யாரும் சொல்வதில்லை. பல தலைமுறை உழுத மண் களைத்திருந்தது, மரம் குறைந்திருந்தது, சண்டையும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பங்கள் கிளம்பின. 1300 வாக்கில் ஊர் காலி.

சரி, ஒரு ஊர் காலியானால் அதன் மக்கள் அழிந்தார்கள் என்று அர்த்தமா? நம்மைத் தவிர வேறு யாருக்கு இது நன்றாகப் புரிய வேண்டும்?

என் ஆயா வீடு டர்பனின் கேட்டோ மேனரில் இருந்தது. மரமும் தகரமும் சேர்த்துக் கட்டியது. பின்னால் பலாமரம், முன்னால் மூன்று கற்படி. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து, 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் 1960களில் அங்கிருந்த நம்மவர்களை வெளியேற்றினார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. ஒரு லாரியில் அம்மிக்கல்லும் பித்தளைக் குத்துவிளக்கும் ஏற்றியது நினைவிருக்கிறது. ஆயா வாசல்படியைக் கழுவிவிட்டு வந்தார். இடிக்கப் போகிறவர்களுக்காக ஏன் கழுவுகிறாய் என்று தாத்தா கேட்டார். ஆயா பதில் சொல்லவில்லை. வீடுகள் போயின, கோயில் நின்றது. சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அந்தக் கோயிலுக்குத்தான் போனோம். காவடி இறக்கிய பிறகு ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் நடந்து, அந்த மூன்று படியில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு வருவார். அந்தப் பக்கம் போகிற யாராவது அதைப் பார்த்து, இங்கே இருந்தவர்கள் மர்மமாக மறைந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தால் எப்படி இருக்கும்?

வெளியேற்றப்பட்டதும் வறட்சியில் கிளம்பியதும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் எங்களைக் கூட்டிப் போன காவலர், பியூப்லோ மக்கள் இன்றும் அங்கே வருகிறார்கள், அவர்களுக்கு அது முன்னோர் இருக்கும் வீடு, அதனால் உள்ளே மெதுவாகப் பேசுங்கள் என்று சொன்னபோது, எனக்கு ஆயாவின் கற்பூரம்தான் கண்ணில் வந்தது. பேசாமல் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் அகோமா போனோம். ஆல்புகெர்க்கிக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். 110 மீட்டர் உயரப் பாறையின் உச்சியில் ஓர் ஊர், கி.பி. 1100களிலிருந்து மக்கள் இருக்கும் ஊர். மேலே இன்றும் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கிடையாது. சில குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன, மற்றவர்கள் கீழே குடியிருந்து திருவிழாவுக்கு மேலே வருகிறார்கள். ஊரைச் சேர்ந்தவரே கூட்டிப் போவார், படம் எடுக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு வாசலில் பானை விற்ற பெண்ணிடம் நான் ஒரு சின்னக் கிண்ணம் வாங்கினேன். வெள்ளையில் கறுப்புக் கோடுகள், மேசா வெர்டே அருங்காட்சியகத்தில் பார்த்த அதே கை. யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். பாட்டியிடம் என்றார். மெரிபேங்க் வாசகரே, அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியை இனி யாராவது உங்களிடம் கேட்டால் அந்தக் கிண்ணத்தை என் வீட்டில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய பானை ஓடுகள் அங்கே தரையில் கிடக்குமாமே. ஒன்றிரண்டு நினைவுக்கு எடுத்து வந்தீர்களா?
ஒரு வாசகி, போர்ட் லூயிஸ், மொரீஷியஸ்

பதில்: எடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். என் பேரன் ஒரு பாதையோரத்தில் விரல் நக அளவு ஒரு ஓட்டைக் கையில் எடுத்துவிட்டான். மகள் பதறினாள். அங்கே நின்ற காவலர் அவனைத் திட்டவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, அது சரியாக எந்த இடத்தில் கிடந்தது என்று காட்டச் சொன்னார். அதே இடத்தில், அதே பக்கம் மேலே இருக்கும்படி வைக்கச் சொன்னார். ஓடு கிடக்கும் இடமும் சேர்ந்தால்தான் அது ஏதாவது சொல்லும், தனியாக அலமாரியில் வைத்தால் வெறும் ஓடுதான் என்று விளக்கினார். சட்டப்படியும் அது குற்றம்.

1891-இல் குஸ்தாஃப் நோர்டென்ஷோல்ட் என்ற இளைஞர் அங்கே தோண்டி, பானைகளும் மனித எலும்புகளும் உட்படப் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார். டுராங்கோ ஊரில் அவரைக் கைது செய்தும், தடுக்கச் சட்டம் இல்லாததால் விட்டுவிட்டார்கள். 1906-இல் தொல்பொருள் சட்டமும் வந்தது, அதே ஜூன் மாதம் மேசா வெர்டே தேசியப் பூங்காவும் ஆனது. அவர் கொண்டுபோனவை பின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2020-இல் பின்லாந்து 20 பேரின் எலும்புகளையும் அவர்களோடு புதைத்திருந்த 28 பொருள்களையும் திருப்பிக் கொடுத்தது. வழிவந்த மக்கள் அவற்றை மறுபடியும் அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். வீடு திரும்ப நூற்று இருபத்தொன்பது வருடம். இதற்குப் பிறகும் ஒரு ஓட்டை எடுக்க மனம் வருமா, சொல்லுங்கள்.

கேள்வி: புரட்டாசி விரதத்தில் போனதாக எழுதியிருந்தீர்கள். சைவச் சாப்பாடு கிடைத்ததா? அங்கே வண்டி ஓட்டுவது கஷ்டமா?
ஒரு வாசகி, பீனிக்ஸ், டர்பன்

பதில்: கிடைத்தது, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். நியூ மெக்சிகோவில் செப்டம்பர் மாதம் மிளகாய் சுடும் காலம். கடை வாசல்களில் பெரிய கம்பிப் பீப்பாயில் பச்சை மிளகாயைப் போட்டு நெருப்பில் சுழற்றுவார்கள். அந்த வாசனைக்கே பசிக்கும். எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, சிவப்பா பச்சையா என்பதுதான், அதாவது எந்த மிளகாய்க் குழம்பு. இரண்டும் வேண்டுமென்றால் கிறிஸ்மஸ் என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் குழம்பில் பன்றி இறைச்சியோ கோழிச் சாறோ இருக்கும் இடங்கள் உண்டு. பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. மருமகன் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை கேட்டார். நான் டர்பனிலிருந்தே கறிவேப்பிலைப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போயிருந்தேன். காலையில் மகள் ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்கு சுருட்டிக் கொடுத்துவிடுவாள். பள்ளத்தாக்கு ஓரத்தில் ஒரு ஜூனிபர் மர நிழலில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டது எந்த உணவகத்தை விடவும் நன்றாக இருந்தது.

வண்டி அங்கே சாலையின் வலப்பக்கம் போகும். நம்மவர்கள் திரும்பும் இடங்களில்தான் தடுமாறுவார்கள். மருமகன் பழகியவர் என்பதால் எங்களுக்குச் சிரமம் இல்லை. நீங்களே ஓட்டுவதானால் இங்கே ஏஏ என்ற வாகன ஓட்டுநர் சங்கத்தின் அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்குகளுக்கு இடையே நீண்ட தூரம் வெறும் பாலைவனம், பாதி டாங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்கா போக எங்களுக்கு வசதியில்லை, டீச்சர். இந்தப் பக்கம் பிள்ளைகளுக்குக் காட்ட அது மாதிரி ஏதாவது இருக்கிறதா?
ஒரு வாசகர், இசிபிங்கோ

பதில்: இருக்கிறது, தம்பி. லெசோத்தோவில் ஹா கோமே என்ற ஊரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? டெயாடெயானெங் ஊரிலிருந்து உள்ளே போக வேண்டும். 1800களின் தொடக்கத்தில் போரும் பஞ்சமும் துரத்தியபோது, பசோத்தோ குடும்பங்கள் சில ஒரு பெரிய பாறை இறக்கத்துக்கு அடியில் மண்ணால் வீடு கட்டிக்கொண்டன. வட்ட வட்டமான வாசல்கள், பாறையே கூரை. அவர்கள் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அடுப்பு எரிகிறது. வழிகாட்டியோடு, வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். டர்பனிலிருந்து லெசோத்தோவின் தலைநகர் மசேரு வரை நீண்ட ஒரு நாள் ஓட்டம். எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் தூரம் என்றால் டிராகன்ஸ்பர்க் மலையில் ஜயன்ட்ஸ் காசில் போங்கள். சான் மக்கள் பாறையில் வரைந்த எலாண்ட் மான்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஓவியத்தில் தண்ணீர் தெளித்தே பாழாக்கினார்கள். பிள்ளைகளுக்குப் போகும் முன்பே சொல்லி வையுங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு என் பேரன் வருகிறான். ஹா கோமே போக அறை பதிவு செய்தாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் எங்கே போக வேண்டும் என்று அவனே போனில் சொல்லிவிட்டான். ஆயா வீட்டுக் கதையை மேசா வெர்டேயிலிருந்து திரும்பும்போது காரில் கேட்டவன் அவன். அந்தப் படி இன்னும் இருக்கிறதா பாட்டி என்று கேட்டான். இரண்டு இருக்கிறது, மூன்றாவது மண்ணுக்குள் போய்விட்டது என்றேன். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகலாமா என்கிறான்.